வெளிநாடு போய்வந்த பாண்டீஸ்வரி டீச்சர்

விளாங்குடியில் பாண்டீஸ்வரியோடு பேசிப் பழகாதவர்கள் எத்தனையோ பேர் உண்டு. அவள் முகத்தைப் பார்க்காதவர்கள் கிடையாது. திண்டுக்கல் சாலையில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, பன்னிரண்டு அடி உயர ஃப்ளெக்ஸில் அவள் முகம் ஐந்து மாதம் வெயிலில் காய்ந்தது. அவள் தலைக்கு மேலே ஒரு விமானம், பின்னால் கண்ணாடிக் கட்டடங்கள். ‘நம் பள்ளியின் கணித ஆசிரியை இன்று வெளிநாட்டு இன்டர்நேஷனல் பள்ளியில்’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே ‘அட்மிஷன் நடைபெறுகிறது’ என்று போன் நம்பரும் கொடுத்திருந்தார்கள். அந்த ஐந்து மாதமும் பாண்டீஸ்வரி விளாங்குடியில்தான் இருந்தாள். எங்கே போவதானாலும் அந்த ஃப்ளெக்ஸுக்கு எதிரே நின்றுதான் அவள் பஸ் ஏற வேண்டியிருந்தது.

செக்கானூரணிப் பக்கம் கிணற்றுப் பாசன நிலம் வைத்திருந்த குடும்பம் அவளுடையது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள். கணக்கில் எம்.எஸ்ஸி., அதற்கு மேல் பி.எட். சிம்மக்கல்லில் வண்டி உதிரிபாகம் விற்கும் கடையில் வேலை பார்க்கும் அழகுராஜாவுக்கு வாழ்க்கைப்பட்டு விளாங்குடிக்கு வந்தாள். மகளுக்கு ஒரு வயது முடிந்ததும், நடந்து போகிற தூரத்தில் இருந்த மெட்ரிக் பள்ளியில் சேர்ந்தாள். பதினோரு வருஷம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தாள். வருஷம் தவறாமல் அவள் வகுப்பில் நாலைந்து பேர் நூற்றுக்கு நூறு வாங்கினார்கள். அந்த நாலைந்து பேரின் படமும் தாளாளரின் படமும் ஃப்ளெக்ஸில் வரும். கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் படம் வந்ததில்லை, அவளும் அதை எதிர்பார்த்ததில்லை.

தாளாளர் மலைச்சாமியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக முடிந்தால் இந்தக் கதை இத்தனை நீளம் ஆகாது. பாண்டீஸ்வரியின் மகள் டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோது, ராத்திரியோடு ராத்திரியாகப் பள்ளி வேனை அனுப்பி ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் அவர்தான். அவள் அப்பா செத்தபோது செக்கானூரணிக்கு மாலையோடு வந்து, மயானம் வரைக்கும் நடந்தார். ஆசிரியைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். எல்லோரும் அவருக்குத் தங்கச்சிதான். தங்கச்சிகள் ஞாயிற்றுக்கிழமையும் ஸ்பெஷல் கிளாஸ் எடுப்பார்கள், மே மாதம் வீடு வீடாக அட்மிஷன் கேட்டு அலைவார்கள், கர்ப்பமாக இருந்தாலும் எட்டாம் மாதம் வரை மாடிப்படி ஏறுவார்கள். அண்ணன் வீட்டு வேலைக்குக் கணக்குப் பார்ப்பவள் தங்கச்சியா என்ன?

அந்தத் தங்கச்சிகள் ஒவ்வொருவரின் அசல் சான்றிதழ்களும் அண்ணனின் இரும்பு பீரோவுக்குள் இருந்தன. பட்டம், பி.எட்., மார்க் ஷீட் எல்லாம். வேலையில் சேரும் அன்றே ‘பாதுகாப்புக்காக என் விருப்பப்படி ஒப்படைக்கிறேன்’ என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். மதுரையைச் சுற்றி இப்படிப் பல பள்ளிகள் உண்டு. ஆசிரியர்கள் அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். வெளியேற நினைப்பவர் வெளியேறப் போவதாகச் சொல்லவே கூடாது. வீட்டுக் கடனுக்கு பேங்கில் கேட்கிறார்கள் என்றோ, அரசுத் தேர்வுக்குச் சரிபார்ப்பு என்றோ ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லி, இரண்டு நாளில் திருப்பித் தருவதாக அசலை வாங்க வேண்டும். வாங்கிய மறுநாளே போன் நம்பரை மாற்றிவிட வேண்டும். தாளாளர் நாலு நாள் திட்டிவிட்டு அடுத்த ஆளைத் தேடுவார். இது எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. ஏமாற்றுகிறோம் என்று யாரும் வருத்தப்பட்டதில்லை.

தீப்தி அப்படித்தான் போனாள். பாண்டீஸ்வரியோடு ஆறு வருஷம் இயற்பியல் எடுத்தவள். சரிபார்ப்பு என்று சொல்லி ஒரு வெள்ளிக்கிழமை சான்றிதழ்களை வாங்கினாள், அடுத்த மாதம் மஸ்கட்டில் ஒரு இன்டர்நேஷனல் பள்ளியில் இருந்தாள். அவள்தான் பாண்டீஸ்வரிக்கு அந்த ஆசையைக் கிளப்பிவிட்டது. தன் பள்ளியிலேயே கணக்குக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று சொல்லி, எப்படி விண்ணப்பம் எழுத வேண்டும், முதல் பக்கத்தில் எதைப் போட வேண்டும், எதைப் போடக்கூடாது என்று வாட்ஸப்பில் ஒரு மாதம் பாடம் எடுத்தாள். அப்பா பெயர், ஜாதகத்தில் இருப்பது போல் பிறந்த ஊர், உயரம், மதம் என்று பாண்டீஸ்வரி எழுதி வைத்திருந்த பாதியை அடித்துவிட்டாள். சம்பளம் இங்கே வாங்குவதைப் போல ஆறு மடங்கு. ஆனால் பாண்டீஸ்வரியின் கண் சம்பளத்தில் மட்டும் நிற்கவில்லை. ஆசிரியரின் பிள்ளை ஒன்றுக்கு அதே பள்ளியில் இலவச இடம் என்று இருந்தது. மகள் அப்போது ஏழாம் வகுப்பு.

ஜனவரியில் வீடியோ வழியாக நேர்காணல் நடந்தது. பக்கத்துத் தெருக் கோயில் ஸ்பீக்கரை அரை மணி நேரம் நிறுத்தச் சொல்லி அழகுராஜா போய்க் கெஞ்சிவிட்டு வந்து, வாசலில் காவல் நின்றான். திரையில் இரண்டு பெண்கள். அவர்கள் எத்தனை பேர் நூற்றுக்கு நூறு வாங்கினார்கள் என்று கேட்கவே இல்லை. பாண்டீஸ்வரி அதைத்தான் பெரிதாகத் தயார் செய்து வைத்திருந்தாள். ஒரு பிள்ளை தப்பான விடை சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள்.  அவள் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் உள்ளதைச் சொன்னாள். எப்படி அந்த விடைக்கு வந்தாய் என்று கேட்கத்தான் ஆசை, ஆனால் அறுபது பேர் இருக்கும் வகுப்பில் அதற்கு ஒருநாளும் நேரம் கிடைத்ததில்லை, அதனால் சரியான விடையைப் பத்துத் தடவை எழுதச் சொல்வேன் என்றாள். போச்சு, காரியம் கெட்டது என்று நினைத்தாள். அந்தப் பெண்களில் மூத்தவர் சிரித்தார். எங்கள் வகுப்பில் பதினெட்டுப் பேர்தான், உங்களுக்குக் கேட்க நேரம் இருக்கும் என்றார்.

அந்த ஒரு பதிலுக்காகவே அவள் அந்த வேலையை விரும்பினாள். பதினோரு வருஷமாக அவள் சொல்லிக் கொடுத்தது கணக்கே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். தேற்றத்தைப் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்ய வைத்தாள். புத்தகத்தின் பின்பக்கக் கணக்கை எண் மாறாமல் நெட்டுருப் போட வைத்தாள். சொந்தமாக யோசித்து வேறு வழியில் விடை கண்ட பிள்ளையை, ‘பேப்பர் திருத்துறவக கொழம்பிருவாக, புக்குல உள்ளபடியே போடு’ என்று அடக்கியிருக்கிறாள். எம்.எஸ்ஸி. படித்தபோது கணக்கின் மேல் அவளுக்கு இருந்த காதல் அதில் செத்துக்கொண்டிருந்தது. உயிரோடு இருக்கும்போதே அதைக் காப்பாற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் இடம் கிடைத்துவிட்டது என்று நினைத்தாள்.

பிப்ரவரியில் வேலைக் கடிதம் வந்தது. ஆகஸ்டில் சேர வேண்டும். அசல் சான்றிதழ்களுக்குச் சென்னையில் மாநில அரசின் முத்திரையும் வெளியுறவுத் துறையின் முத்திரையும் வாங்கி, மே முப்பத்தொன்றுக்குள் நகல் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இவ்வளவுதான் நிபந்தனை.

தீப்தி அன்றைக்கே போன் செய்தாள்.

“அக்கா, ஹவுஸிங் லோன்னு சொல்லி வாங்குங்கோ. உண்மையச் சொல்லிடாதீங்கோ. சொன்னா கெட்டீங்க.”

பாண்டீஸ்வரிக்கு அது பிடிக்கவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய வேன் அவள் கண்ணுக்குள் நின்றது. மயானம் வரை நடந்து வந்த மனுஷனிடம் லோன் என்று பொய் சொல்லி வாங்கிக்கொண்டு, நம்பரை மாற்றிவிட்டு ஓடுவதா? முறைப்படி சொல்லி, பத்தாம் வகுப்புப் பரீட்சையை முடித்துக் கொடுத்துவிட்டு, ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டுதான் போவேன் என்றாள். அழகுராஜாவும் அதுதான் மரியாதை என்றான். இருவரும் டவுன்ஹால் ரோட்டில் அரைக் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் தாளாளர் வீட்டுக்குப் போனார்கள். பதினோரு வருஷத்தில் யாருமே செய்யாத காரியத்தை அவள் செய்தாள். உண்மையைச் சொன்னாள்.

மலைச்சாமி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கண் கலங்கியது கூட நடிப்பாக இருக்காது என்றுதான் இன்றைக்கும் பாண்டீஸ்வரி சொல்வாள்.

“தங்கச்சி, எத்தன பேரு எங்கிட்ட பொய் சொல்லிட்டுப் போயிருக்காக தெரியுமா? நீ ஒருத்திதான் வந்து சொல்லியிருக்க. இது நம்ம ஸ்கூலுக்கே பெருமைத்தா.”

மறுவாரம் காலை வணக்கக் கூட்டத்தில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஆயிரம் பிள்ளைகள் கை தட்டின. அதே மேடையில், சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்கு என்று ராஜினாமாக் கடிதமும் எழுதி வாங்கிக்கொண்டார் தாளாளர். அடுத்த மூன்றாம் நாள் ஃப்ளெக்ஸ் ஏறியது. அவள் படத்துக்கு மேலே, அதைப் போல இரண்டு பங்கு பெரிதாகத் தாளாளர் படம் இருந்தது. அவள் சர்வீஸ் ஃபைலில் இருந்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைத்தான் வெட்டி ஒட்டியிருந்தார்கள். பாண்டீஸ்வரிக்குக் கூச்சமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. செக்கானூரணியிலிருந்து அம்மா பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனாள். அந்த வருஷம் அட்மிஷன் பிய்த்துக்கொண்டு போனது என்று ஆபீஸ் கிளார்க் முத்திருளன் பிறகு சொன்னான்.

அவள் அசலைக் கேட்கத் தொடங்கினாள். மலைச்சாமி ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியட்டும் என்றார். நியாயம்தான் என்று காத்திருந்தாள். பரீட்சை முடிந்ததும், பேப்பர் திருத்தும் வேலையை முடித்துவிட்டு வந்து வாங்கிக்கொள் என்றார். திருத்திவிட்டு வந்தபோது பீரோச் சாவி மகனோடு கோயம்புத்தூர் போயிருந்தது. மகன் வந்தபோது தாளாளர் குலதெய்வம் கும்பிடப் போயிருந்தார். அதன் பிறகு, உனக்குப் பதிலாக ஒரு கணக்கு டீச்சரை நீயே கொண்டுவந்து நிறுத்திவிடு, அந்த நிமிஷமே தருகிறேன் என்றார். அவள் அலைந்து திரிந்து, விளக்குத்தூண் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிவந்தாள். பெண்ணுக்கு இங்கிலீஷ் போதாது என்று சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் காபி வரும். ஒவ்வொரு தடவையும் தங்கச்சிதான்.

மே இருபது தாண்டியும் அசல் கைக்கு வரவில்லை. மஸ்கட்டிலிருந்து நினைவூட்டல் மெயில் வந்தது. தீப்தி திட்டித் தீர்த்தாள். அழகுராஜா போலீசுக்குப் போவோம் என்று குதித்தான். தெருவில் குடியிருக்கும் வக்கீலிடம் கேட்டார்கள். சான்றிதழைப் பிடித்துவைக்க எந்தப் பள்ளிக்கும் உரிமை கிடையாது, நோட்டீஸ் விட்டால் கடைசியில் ஜெயித்துவிடலாம் என்றார் அவர். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாள் பாண்டீஸ்வரி. பதில் சொல்லவே பதினைந்து நாள் கொடுக்க வேண்டும் என்றார். அவளிடம் இருந்தது ஒன்பது நாள். தொலைந்துவிட்டதாகச் சொல்லி நகல் வாங்கலாமா என்றால், அதற்கு மாதக் கணக்கில் ஆகும். அதுவும் பொய்தான். ஆனால் இந்தத் தடவை பொய் என்பதற்காக அவள் அதை விடவில்லை, நாள் போதாது என்பதற்காகத்தான் விட்டாள்.

இருபத்தெட்டாம் தேதி கடைசியாக ஒரு தடவை போனாள். ஆபீஸில் முத்திருளன் மட்டும் இருந்தான். பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவன், யாரும் இல்லை என்று திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

“டீச்சர், குடுக்க மாட்டாக. ஒங்களுக்குக் குடுத்தா நாளைக்கு மத்த பதினாறு பேரும் அல்வாவோட வந்து நிப்பாகல்ல. பொய் சொல்லி வாங்கிருந்தா அவருக்குச் சேதாரம் ஒருத்தரோட போயிரும். நீங்க உண்மையச் சொல்லிக் கேட்டீக. அதத்தேன் அவரால குடுக்க முடியல.”

பாண்டீஸ்வரிக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல் இருந்தது. அழவில்லை. வீட்டுக்கு வந்து, தீப்தி சொன்னபடி, ஜூன் பத்து வரை அவகாசம் கேட்டு மெயில் எழுதினாள். கொடுத்தார்கள். அவர்கள் கொடுத்த பத்து நாளையும் மலைச்சாமியின் காபி தின்றது. ஜூன் பதினொன்றாம் தேதி இரண்டு வரியில் பதில் வந்தது. இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள், அவள் எதிர்காலத்துக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். அவள் அப்போது மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னி முடித்து ரிப்பனும் கட்டிவிட்டாள். மகள் திரும்பி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, எப்போது போகிறோம் என்று அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. நாலு மாதமாக வாரத்துக்கு மூன்று தடவை கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை.

மஸ்கட் கைவிட்டுப் போனதோடு கணக்கு முடியவில்லை. இருந்த வேலையும் இல்லை. ராஜினாமாக் கடிதம் ஃபைலில் பத்திரமாக இருந்தது. ஃப்ளெக்ஸ் ரோட்டில் பத்திரமாக இருந்தது. பஸ்ஸுக்கு நிற்கும்போது பூக்காரம்மா அவளையும் எதிரே இருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எப்ப டீச்சர் கிளம்புறீக என்று கேட்டாள். ஜூலையில் அதே பூக்காரம்மா, லீவுக்கு வந்தீகளா என்று கேட்டாள். பாண்டீஸ்வரி ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லாமல் சிரித்து வைத்தாள். சிரிப்பை எல்லோரும் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். சிலர், வாட்ச் வாங்கிட்டு வரலையா, சென்ட் வாங்கிட்டு வரலையா என்று கிண்டலும் செய்தார்கள். அவள் பகலில் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டாள்.

மூன்று பள்ளிகளில் வேலை கேட்டாள். அவள் பெயர் தெரிந்தவர்கள், அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தவர்கள். மூன்று இடத்திலும் கடைசிக் கேள்வி ஒன்றுதான். அசல் கொண்டுவந்தீர்களா? அசல் இல்லாமல் எப்படிம்மா என்று மூன்றாவது பள்ளிக்காரர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். அவருக்கும் ஓர் இரும்பு பீரோ இருந்தது.

ஆகஸ்டில் மலைச்சாமியே ஆள் விட்டுக் கூப்பிட்டார். அவள் போனாள். போகாமல் இருக்க அவளிடம் வேறு வழி எதுவும் இல்லை. திட்டுவார், குத்திக் காட்டுவார் என்று நினைத்துப் போனாள். அவர் அதே பழைய வாஞ்சையோடு உட்காரச் சொல்லி, மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். மஸ்கட் பேச்சே எடுக்கவில்லை. அவரைப் பொறுத்த வரையில் அப்படி ஒன்று நடக்கவே இல்லை. மேலூர் ரோட்டில், ஒத்தக்கடையில் புதுக் கிளை ஆரம்பித்திருக்கிறேன், கணக்கு நீயே எடு, ஒருங்கிணைப்பாளர் பொறுப்பும் நீயே பார், சம்பளத்தில் மூவாயிரம் கூட்டித் தருகிறேன் என்றார். விளாங்குடியில் ஏன் வேண்டாம் என்று அவள் கேட்டாள். இங்கே எல்லோரும் நீ வெளிநாட்டில் இருப்பதாக நினைத்துத்தான் பிள்ளைகளைச் சேர்த்திருக்கிறார்கள், இங்கே எப்படி உன்னை வகுப்புக்கு அனுப்புவது என்று அவர் பொறுமையாக விளக்கினார். ஒத்தக்கடையில் அவள் வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவள். பள்ளியின் பெயரிலும் இன்டர்நேஷனல் சேர்த்தாகிவிட்டது.

“என்னால பொய் சொல்ல முடியாதுண்ணே” என்றாள் பாண்டீஸ்வரி.

“நீ எதுக்குத்தா பொய் சொல்ற? நீ வாயவே தொறக்க வேணாம். போர்டு பேசிக்கிரும்.”

அவள் தன் அசலைத் திருப்பித் தருவீர்களா என்று கேட்டாள். இரண்டு வருஷம் இந்தக் கிளையைத் தூக்கி நிறுத்திக் கொடு, அப்புறம் நானே கூப்பிட்டுத் தருகிறேன் என்றார். அவர் இல்லை என்று சொல்லவில்லை.

இப்படியாக, தன் முப்பத்தெட்டாவது வயதில் பாண்டீஸ்வரி ஓர் இன்டர்நேஷனல் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். விளாங்குடியிலிருந்து மாட்டுத்தாவணிக்கு ஒரு பஸ், அங்கிருந்து மேலூர் பஸ்ஸில் ஏறி ஒத்தக்கடை. ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம். யானைமலை தெரிகிற மாதிரி நான்கு மாடிக் கட்டடம், முகப்பில் சிமென்ட்டில் ஒரு பூமி உருண்டை. அதில் இந்தியா மட்டும் தெளிவாகத் தெரியும், மற்ற நாடுகளைக் கொத்தனார் அவர் இஷ்டத்துக்குப் போட்டிருந்தார். வகுப்புக்கு ‘கிரேடு’ என்று பெயர். ஆபீஸுக்கு மட்டும் ஏசி. வகுப்பில் ஐம்பத்தெட்டுப் பேர். கணக்குப் புத்தகம் அதே புத்தகம், பின்பக்கக் கணக்கும் அதேதான். தாளாளர் அவளுக்கு ஒரு சலுகையும் கொடுத்தார். ஆசிரியரின் பிள்ளை ஒன்றுக்கு இலவச இடம் என்று அறிவித்து, அவள் மகளைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

அன்று இரவு சாப்பிடும்போது மகளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

“அதுவும் இன்டர்நேஷனல்தானம்மா. அப்ப நம்ம போயிட்டோம்ல?”

பன்னிரண்டு வயதுப் பிள்ளை வேண்டுமென்றே குத்தியதா, வெள்ளந்தியாகச் சொன்னதா என்று பாண்டீஸ்வரிக்கு இன்றுவரை தெரியாது. அழகுராஜா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். அவளுக்குத் தன் மேல்தான் கோபம் வந்தது. மலைச்சாமி மேல் வர வேண்டிய கோபத்தைக் கூட அவளால் ஒழுங்காக வரவழைத்துக்கொள்ள முடியவில்லை. அந்த வேனும் அந்த மாலையும் குறுக்கே வந்து நின்றன. நல்லது செய்தவன் கெட்டதும் செய்தால் யாரைத் திட்டுவது என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

முதல் மூன்று மாதம் அவள் வாயைத் திறக்கவே இல்லை. போர்டு பேசியது. பிறகு ஒரு பெற்றோர் கூட்டத்தில், புதுக் குடியிருப்பில் வீடு கட்டியிருந்த ஓர் அம்மா, அங்கே பிள்ளைகளெல்லாம் எப்படி மேடம் என்று ஆசையாகக் கேட்டார். பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். மலைச்சாமி மேடையிலிருந்து சிரித்தார். பாண்டீஸ்வரி வாயைத் திறந்தாள். வகுப்பில் பதினெட்டுப் பேர்தான் இருப்பார்கள் என்றாள். தப்பான விடை சொன்னால் யாரும் அடிக்க மாட்டார்கள், எப்படி அந்த விடைக்கு வந்தாய் என்று கேட்பார்கள் என்றாள். பொய் இத்தனை சுலபமாக வரும் என்று அவள் நினைத்ததில்லை. அந்தப் பள்ளியைப் பற்றி இணையத்தில் இருந்ததை எல்லாம் ஆறு மாதம் தூக்கம் இல்லாமல் படித்தவள் அல்லவா? நூலகம் எந்த மாடியில், மதியச் சாப்பாட்டு மணி எப்போது அடிக்கும், கணக்கு அறையின் ஜன்னலிலிருந்து எந்த மலை தெரியும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அங்கே இருந்தவள் கூட அத்தனை அழகாகச் சொல்லியிருக்க மாட்டாள். பிறகு ஏன் வந்துவிட்டீர்கள் என்று ஒருவர் கேட்டபோது, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். மதுரைக்காரி வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றதை ஒருவர் கூடச் சந்தேகிக்கவில்லை.

தீப்தி நடுநடுவே போன் செய்தாள். தன் வகுப்பறைப் படம், கடற்கரைப் படம் எல்லாம் அனுப்பினாள். பாண்டீஸ்வரி முதலில் பதில் போட்டாள், பிறகு பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாள், பிறகு பார்க்கவும் இல்லை.

இந்த வருஷம் ஏப்ரலில் புது ஆசிரியர்களை எடுத்தார்கள். ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் பாண்டீஸ்வரி ஆபீஸில் இருந்தாள். முத்திருளனையும் இந்தக் கிளைக்கு மாற்றியிருந்தார்கள். முத்துமீனா என்று ஒரு பெண் வந்தாள், உசிலம்பட்டிப் பக்கம். கணக்கில் எம்.எஸ்ஸி., போன வருஷம்தான் பி.எட். முடித்திருந்தாள். மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுவிட்டு, ஒரு பையன் தப்பாகச் சொன்ன விடையை அழிக்காமல் அப்படியே எழுதி வைத்து, இது எப்படி வந்திருக்கும் என்று வகுப்பையே கேட்டாள். பின்பெஞ்சில் உட்கார்ந்து பாண்டீஸ்வரி பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பெண் இங்கே இருக்க வேண்டியவள் இல்லை என்று நினைத்தாள்.

வேலை உறுதி ஆனது. முத்திருளன் வழக்கமான தாளை நீட்டினான். ‘பாதுகாப்புக்காக என் விருப்பப்படி ஒப்படைக்கிறேன்.’ முத்துமீனா அதை இரண்டு தடவை படித்தாள். சான்றிதழ்கள் இருந்த பிளாஸ்டிக் கவரை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தாளாளர் ஏசி அறைக்குள் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார், கதவு பாதி திறந்திருந்தது. முத்திருளன் தலையைக் குனிந்துகொண்டான். முத்துமீனா பாண்டீஸ்வரி பக்கம் திரும்பினாள்.

“மிஸ், நீங்க வெளிநாட்டுல வேல பாத்துட்டு வந்தவக. நீங்க சொன்னா நம்புறேன். கேக்குறப்ப திருப்பித் தருவாகளா?”

பாண்டீஸ்வரி அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தாள். இல்லை என்று ஒரு தலையசைப்பு போதும். எழுந்து போய்விடுவாள், பிழைத்துக்கொள்வாள். அதே ஒரு தலையசைப்பில் பாண்டீஸ்வரியின் இரண்டு வருஷக் கெடுவும் பீரோவில் கிடக்கும் அவள் படிப்பும் மகளின் இலவச இடமும் போகும். திறந்திருந்த கதவுக்குள் போன் பேச்சு நின்றிருந்தது.

“தருவாக. நான் மஸ்கட் போகயில எனக்குத் தந்தாகள்ல” என்றாள்.

முத்துமீனாவின் முகம் தெளிந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கவரை நீட்டினாள். பாண்டீஸ்வரி அதை வாங்கி, உள்ளே எத்தனை தாள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முத்திருளனிடம் கொடுத்தாள். பிறகு அவன் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.